இஸ்தான்புல்லுக்குப் போன பேராசிரியர்கள்

1933 ஏப்ரல் 7ம் திகதி யேர்மனியில் ஒரு சட்டம் பிறந்தது. தொழில்முறை அரசசேவையை மீளமைக்கும் சட்டம் என்று அதற்குப் பெயர். பெயரைக் கேட்டால் ஏதோ சம்பளத் திட்டம், ஓய்வூதியம் சம்பந்தப்பட்ட காரியம் என்றே தோன்றும். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து அப்போது பத்துக் கிழமைகூட ஆகியிருக்கவில்லை. யேர்மனியில் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அரச உத்தியோகத்தர்கள். எனவே 'ஆரியர் அல்லாதோர்', 'அரசியல்ரீதியில் நம்பத்தகாதோர்' என்ற இரண்டு வகையினரைச் சட்டத்தில் எழுதிவிட்டதோடு அலுவல் முடிந்தது. முதல் இரண்டு வருடங்களுக்குள் ஆயிரத்துக்கும் அதிகமான புலமையாளர்கள் வேலையிழந்து வெளியே நின்றார்கள். அவர்களை வெளியேற்ற ஒரு துப்பாக்கியும் வெடிக்கவேண்டியிருக்கவில்லை. தபாற்காரன் போதுமாயிருந்தான்.

அதே மாதம் 25ம் திகதி மாணவர்களுக்கும் ஒரு சட்டம் வந்தது. பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நெரிசலைக் குறைக்கிறோம் என்ற சாட்டில், புதிதாகச் சேர்பவர்களில் 'ஆரியர் அல்லாதோர்' 1.5 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரையறுத்தார்கள். எம்மவர்களுக்கு இதைப் படித்ததும் எழுபதுகளின் தரப்படுத்தல் நினைவுக்கு வரும். இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க நான் வரவில்லை; யேர்மனியில் அந்த வீதத்துக்குப் பின்னால் வந்தது வேறு. ஆனாலும் இலக்கங்களால் கதவைச் சாத்துகிற அந்த முறை எமக்கு முற்றிலும் அந்நியமானது என்று சொல்ல முடியவில்லை.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் வழக்கமாக நாசி அரசு ஒரு பக்கம், பல்கலைக்கழகம் மறுபக்கம் என்று கோடு கீறிவிடுவார்கள். நடந்தது அப்படியல்ல. மே 10ம் திகதி பேர்லின் ஒப்பெரா சதுக்கத்தில் புத்தகங்களைக் கொளுத்தியவர்கள் மாணவர் சங்கத்தினர். பிறைபேர்க் பல்கலைக்கழகத்தின் தலைவராக அந்த வசந்தகாலத்தில் பொறுப்பேற்றுக் கட்சியிலும் சேர்ந்துகொண்டவர் தத்துவஞானி மார்ட்டின் ஹைடெக்கர். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பிராங்க் என்ற பௌதிகப் பேராசிரியர் இருந்தார். யூதர், நோபல் பரிசு பெற்றவர். முதலாம் உலகப்போரில் போர்முனையில் நின்றவர் என்பதால் புதிய சட்டம் அவரைத் தொடாது. முன்னாள் போர்வீரர்களுக்கு அப்போது விலக்கு இருந்தது. அந்த விலக்கு எனக்கு வேண்டாம் என்று சொல்லி அவர் தானாகவே பதவியைத் துறந்தார். பத்திரிகைகளிலும் அது வந்தது. உடனே அவருடைய சக ஆசிரியர்கள் நாற்பதுக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டு ஓர் அறிக்கை விட்டார்கள். பிராங்கின் செயல் யேர்மனிக்கு எதிரான பிரசாரத்துக்குத் துணைபோகிறது என்பது அவர்களது குற்றச்சாட்டு! 'எதிரிக்குத் துணைபோகிறான்' என்ற வசனத்தைக் கேட்டு வளர்ந்த எமக்கு இந்த அறிக்கையின் வாடை புதிதல்ல.

பிராங் போன்றவர்களுக்கு உலகம் முழுவதும் கதவு திறந்தது. அவ்வளவு பெயர் இல்லாதவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் என்னைக் குடைந்த கேள்வி. அதைத் தேடியபோது அகப்பட்டவர் பிலிப் ஷ்வார்ட்ஸ்.

இவர் பிராங்பேர்ட் பல்கலைக்கழகத்தில் நோயியல் பேராசிரியர். அன்றைய ஹங்கேரியில் பிறந்த யூதர். ஆபத்தை மணந்து 1933 மார்ச்சிலேயே எல்லை கடந்து சூரிச்சுக்கு வந்துவிட்டார். அங்கே மாமனார் வீடு இருந்தது. ஒதுங்க ஓர் இடம் கிடைத்ததும் மற்றவர்களைப் பற்றி யோசிக்கிற மனிதர்கள் அபூர்வம். ஷ்வார்ட்ஸ் வேலை பறிக்கப்பட்ட புலமையாளர்களின் விபரங்களை அட்டை அட்டையாக எழுதி அடுக்கத் தொடங்கினார். யார், என்ன துறை, இப்போது எங்கே இருக்கிறார். வெளிநாட்டிலுள்ள யேர்மன் விஞ்ஞானிகளுக்கான அவசர உதவிச் சங்கம் என்று ஒரு பெயரையும் வைத்தார்.

அதே நேரம் துருக்கியில் முஸ்தபா கெமாலின் அரசு தனது பழைய உயர்கல்வி நிலையமான தாருல்புனூனை மாற்றியமைக்க ஜெனீவாவைச் சேர்ந்த அல்பேர்ட் மால்ஷ் என்ற பேராசிரியரிடம் அறிக்கை வாங்கியிருந்தது. புதிய பல்கலைக்கழகத்துக்கு ஆட்கள் தேவை. சூரிச்சில் ஆட்களின் பட்டியல் இருந்தது. 1933 யூலை 6ம் திகதி அங்காராவில் கல்வி மந்திரி ரெஷித் காலிப்பின் முன்னால் ஷ்வார்ட்ஸ் போய் இருந்தார். இன்ன துறைக்கு ஓர் ஆள் இருக்கிறாரா என்று கேட்பார்கள். இவர் அட்டைகளைப் பார்த்துப் பெயர் சொல்லுவார். பேச்சு பிரெஞ்சு மொழியில். சில மணித்தியாலங்களில் முப்பதளவு பேராசிரியர் பதவிகள் நிரம்பிவிட்டன. 1453ல் கொன்ஸ்தாந்திநோப்பிள் விழுந்தபோது அங்கிருந்த அறிஞர்கள் இத்தாலிக்குப் போனார்கள், இன்று ஐரோப்பா அந்தக் கடனைத் திருப்பித் தருகிறது என்ற கருத்தில் மந்திரி பேசியதாக ஷ்வார்ட்ஸ் பின்னர் எழுதிவைத்திருக்கிறார்.

நல்ல பேச்சு. ஆனால் அந்த மேசையில் சொல்லப்படாத ஒன்றும் உண்டு. யூலை 31ல் தாருல்புனூன் மூடப்பட்டது. மறுநாள் இஸ்தான்புல் பல்கலைக்கழகம் திறந்தது. இந்த இரண்டு நாட்களுக்கு இடையில் பழைய ஆசிரியர்கள் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். தகுதிக் குறைவு என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. புதிய ஆட்சியோடு ஒத்தோடாதவர்களும் அதில் அடக்கம். யேர்மனியில் அரசு எழுதிய கடிதத்தால் கதிரை இழந்தவர், துருக்கியில் அரசு எழுதிய கடிதத்தால் காலியான கதிரையில் வந்து அமர்ந்தார். வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. உயிர் தப்ப வந்தவன் கதிரையின் சரித்திரம் கேட்பதில்லை. என்றாலும் 'அறிஞர்களுக்கு அடைக்கலம் தந்த துருக்கி' என்ற கதையை இந்தப் பாதி இல்லாமல் சொல்லக்கூடாது.

ஒப்பந்தப்படி சில வருடங்களுக்குள் துருக்கி மொழியில் விரிவுரை செய்யவேண்டும், பாடநூலும் எழுதவேண்டும். அதுவரை மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனமாகச் சொல்லுவார். துருக்கி மொழி லத்தீன் எழுத்துக்கு மாறியே அப்போது ஐந்து வருடந்தான். ஆசிரியருக்கும் மாணவருக்கும் எழுத்துக்கூட்டல் புதிது! சிலர் கடைசிவரை மொழிபெயர்ப்பாளரோடேயே காலம் தள்ளினார்கள். ஏர்ன்ஸ்ட் ஹிர்ஷ் என்ற சட்ட அறிஞரோ துருக்கி மொழியைக் கற்று அதிலேயே படிப்பித்து, அந்த நாட்டின் வர்த்தகச் சட்டத்தை வரைவதிலும் பங்கெடுத்து, 1943ல் துருக்கிப் பிரஜையும் ஆனார். மொழிப் பரீட்சைக்குத் திரியும் நம்மில் பலருக்கு இவர்மேல் பொறாமை வரலாம்.

மார்பேர்க்கில் பதவி இழந்த எரிக் அவர்பாக் 1936ல் இஸ்தான்புல் வந்தார். மேற்கத்திய இலக்கியத்தில் யதார்த்தம் எப்படிச் சித்திரிக்கப்பட்டது என்பது பற்றிய 'மிமேசிஸ்' என்ற பெரிய நூலை 1942க்கும் 1945க்கும் இடையில் அங்கிருந்துதான் எழுதினார். 1946ல் சுவிசில், பேர்ண் நகரில் அது வெளியானது. தன் துறைக்கு வேண்டிய நல்ல நூலகம் அங்கே இல்லை என்பதால்தான் அந்த நூலை எழுதவே முடிந்தது, எல்லாவற்றையும் வாசிக்க முடிந்திருந்தால் எழுதும் கட்டத்துக்கே வந்திருக்கமாட்டேன் என்ற பொருளில் அவரே முடிவுரையில் சொல்கிறார். இதை வைத்துக்கொண்டு அகதி வாழ்வு படைப்புக்கு நல்லது என்று மேடைகளில் பேசுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அவர்பாக்குக்கு அங்கே சம்பளம் இருந்தது, பதவி இருந்தது, வீடு இருந்தது. இரவு பன்னிரண்டு மணிக்குக் கோப்பை கழுவி முடித்துவிட்டு அவர் எழுத உட்காரவில்லை.

1941 நவம்பரில் நாசி அரசு வெளிநாட்டில் வாழ்ந்த யூதர்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது. கடவுச்சீட்டு செல்லாமல் போனது. நாடற்றவர் என்பதற்கான யேர்மன் சொல்லான 'ஹைமாத்லோஸ்' என்பதைத் துருக்கி அதிகாரிகள் தங்கள் எழுத்துக்கூட்டலில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். துருக்கி மொழிக்கு இந்த அகதிகள் கொடுத்த சொற்களில் அதுவும் ஒன்று.

லண்டனில் வேறுவிதமான முயற்சி நடந்தது. லண்டன் பொருளியல் கல்லூரியின் இயக்குனர் வில்லியம் பெவரிட்ஜ் 1933 வசந்தத்தில் வியன்னாவில் இருந்தபோது, பதவி நீக்கப்பட்ட பேராசிரியர்களின் பெயர்களைப் பத்திரிகையில் பார்த்தார். ஊர் திரும்பியதும் மே மாதத்தில் கல்வியாளர் உதவிச் சபை உருவானது. தலைவர் பௌதிகவியலாளர் ரதபோர்ட். அந்தக் கல்லூரியின் ஆசிரியர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கைக் கழித்துக் கொடுத்தார்கள். உதவித்தொகை குடும்பஸ்தருக்கு வருடம் 250 பவுண், தனியாளுக்கு 182 பவுண். ஒக்டோபர் 3ம் திகதி ரோயல் அல்பேர்ட் மண்டபத்தில் ஐன்ஸ்ரைன் பேசினார், மண்டபம் நிறைந்த கூட்டம்.

மேடையில் ஐன்ஸ்ரைன், அலுவலகத்தில் எஸ்தர் சிம்ப்சன். லீட்ஸ் நகரில், குடிபெயர்ந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1933ல் உதவிச் செயலாளராக வந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த வேலைக்கே கொடுத்தார். 1940ல் பிரித்தானிய அரசு யேர்மன் அகதிகளை 'எதிரி நாட்டவர்' என்று பிடித்து முட்கம்பிக்குள் அடைத்தது. ஹிட்லரிடமிருந்து தப்பியவர்களை ஹிட்லரின் ஆட்கள் என்று அடைத்த அந்தக் கோடையில், அவர்களை வெளியே எடுக்க ஒவ்வொருவருக்காகவும் மனு எழுதியது சிம்ப்சனின் அலுவலகம். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் பெரூட்ஸ்கூட அப்படிப் பிடிபட்டுக் கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டவர்தான். இந்தச் சபை உதவியவர்களில் 16 பேர் நோபல் பரிசு பெற்றார்கள் என்பதை எல்லாக் கட்டுரைகளும் பெருமையாகச் சொல்லும்.

எனக்கு அந்த 16ஐ விட வேறொரு கணக்குத்தான் முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவில் இதே 1933ல் தொடங்கிய இடம்பெயர்ந்த அந்நிய புலமையாளருக்கான அவசரக் குழுவுக்கு, 1945ல் அது மூடப்படும்வரை, உதவி கேட்டவர்கள் ஏறத்தாழ 6,000 பேர். உதவி கிடைத்தது 335 பேருக்கு. பொருளாதார மந்த காலம். அமெரிக்க இளம் பட்டதாரிகளே வேலையின்றி நின்றார்கள். அவர்களோடு போட்டி வரக்கூடாது என்பதற்காக, ஏற்கெனவே பெயர் எடுத்த புலமையாளர்களையே எடுப்பதென்று குழு தீர்மானித்தது. அன்றைய நிலையில் அதற்கு நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் விளைவு என்ன? ஆய்வைத் தொடங்கியவர், பாதியில் நின்றவர், பட்டம் வாங்கமுன்னரே துரத்தப்பட்ட மாணவி, இவர்களுக்கு எந்தப் பெட்டியிலும் அட்டை இல்லை. இஸ்தான்புல்லில் பேராசிரியர்கள் தங்களோடு உதவியாளர்களையும் கூட்டிவர முடிந்ததால் சில இளையவர்கள் தப்பினார்கள். அதற்கும் ஒரு பெரியவரின் வால் கிடைத்திருக்கவேண்டும்.

பட்டம் முடிக்காமல் வந்து சமையலறையில் நிற்கும் ஒருவன் இதை எழுதுவதால் வரும் முணுமுணுப்பு என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். எங்கள் ஊர்க் கதையிலும் இதே ஓட்டை இருக்கிறது. யாழ் பல்கலைக்கழக உடற்கூற்றியல்துறைத் தலைவரும் 'முறிந்த பனை'யை எழுதியவர்களில் ஒருவருமான ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21ல் பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் இங்கிலாந்தில் படித்துவிட்டுத் திரும்பிப் போனவர். லண்டனிலே தங்கியிருக்க முடியும், தங்கவில்லை. அப்படிப்பட்டவரை எந்த உதவித்தொகையும் காப்பாற்றியிருக்காது. கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ரவீந்திரநாத் 2006 டிசெம்பர் 15ல் கொழும்பில், உயர் பாதுகாப்புக்கு நடுவில், காணாமற்போனார். இந்த இருவருக்காகவும் உலகின் கல்வி அமைப்புகள் குரல் கொடுத்தன. 1991 ஆகஸ்ட் 30ல் விடுதலைப்புலிகள் கொண்டுபோன செல்வியோ, யாழ் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துக்கொண்டிருந்த மாணவி. அவர் கவிஞராகவும் இருந்ததால் வெளியுலகம் பெயரை அறிந்தது. கவிதை எழுதாத மாணவர்கள், எந்தத் துவக்குக்கு இரையானவர்களாக இருந்தாலும், வீட்டுச் சுவரில் ஒரு படமாக இருக்கிறார்கள்.

2016 ஜனவரி 11ம் திகதி துருக்கியில் 1,128 கல்வியாளர்கள் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். குர்திஷ் மக்கள் வாழும் தென்கிழக்கில் அரசு நடத்திய இராணுவ நடவடிக்கையை நிறுத்து, இந்தக் குற்றத்தில் நாங்கள் பங்காளிகளாக மாட்டோம் என்பது அதன் சாரம். கையெழுத்து இரண்டாயிரத்தைத் தாண்டியது. அவர்களைத் துரோகிகள் என்று ஜனாதிபதி எர்டோகான் மேடையில் சாடினார். அந்த வருடம் யூலையில் இராணுவச் சதி முயற்சி ஒன்று தோற்றது. அதன்பின் அவசரகால ஆணைகள் வழியாக ஆறாயிரத்துக்கும் அதிகமான கல்வியாளர்கள், பெரும்பாலோர் இந்த மனுவோடு சம்பந்தமில்லாதவர்கள், பெயர்ப்பட்டியல் போட்டு நீக்கப்பட்டார்கள். கடவுச்சீட்டும் இரத்து. 1941ல் நாட்டுக்கு வெளியே நின்றவர்களின் கடவுச்சீட்டு செல்லாமல் போனது. இம்முறை உள்ளே நின்றவர்களுடையது. மனுவில் கையெழுத்திட்டவர்கள்மேல் போடப்பட்ட தண்டனைகள் கருத்துச் சுதந்திரத்தை மீறுவன என்று அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 யூலை 26ல் தீர்ப்புச் சொன்னது. வேலைக்குத் திரும்பியவர்கள் கொஞ்சப் பேர்.

வெளியேற முடிந்தவர்களில் கணிசமானோர் யேர்மனிக்குத்தான் வந்தார்கள். ஆபத்திலுள்ள ஆய்வாளர்களுக்கென யேர்மன் வெளிநாட்டமைச்சோடு சேர்ந்து ஹும்போல்ட் நிறுவனம் 2015ல் ஒரு உதவித்திட்டத்தைத் தொடங்கியிருந்தது. இஸ்தான்புல்லுக்கு ஆட்களை அனுப்பிய அந்த நோயியல் பேராசிரியரின் பெயரையே, பிலிப் ஷ்வார்ட்ஸ் என்றே, அதற்கு வைத்திருக்கிறார்கள். சேர்வதற்குக் கலாநிதிப் பட்டமோ அதற்கு ஈடானதோ வேண்டும். மாணவர்களுக்கும் கலாநிதிப் பட்டம் முடிக்காதவர்களுக்கும் வேறொரு யேர்மன் திட்டம் வந்தது 2021ல். அதற்கு, 1932ல் மாணவியாக யேர்மனியை விட்டுப்போய்ப் பல நாடுகளில் அலைந்த கவிஞர் ஹில்ட டோமினின் பெயர். மாணவர் சட்டம் வந்து 88 வருடம் ஆகியிருந்தது.

ஷ்வார்ட்ஸ் இஸ்தான்புல்லில் இருபது வருடமளவில் படிப்பித்தார். போருக்குப் பிறகு தனது பழைய இடத்துக்குத் திரும்ப விரும்பினார். 1957ல் பிராங்பேர்ட் பல்கலைக்கழகம், வயது போய்விட்டது என்று சொல்லி அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ள மறுத்தது. அவர் அமெரிக்காவுக்குப் போய் பென்சில்வேனியாவில் ஒரு மனநல வைத்தியசாலையில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். 1977ல் இறந்தார். உடல் சூரிச்சில் அடக்கம் செய்யப்பட்டது.