அப்டேட் போட்டதும் சார்ஜ் எங்கே போகிறது? ஓசூர் வழியாக ஒரு சின்ன வரலாறு

ராத்திரி படுக்கப் போகும் நேரத்தில் செல்போனில் "புதிய அப்டேட் வந்துள்ளது" என்று ஒரு அறிவிப்பு வருகிறது. சரி என்று அழுத்திவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். மறுநாள் மதியத்துக்குள் சார்ஜ் பாதிக்குக் கீழே! நேற்று சாயங்காலம் வரை தாங்கிய அதே போன், அதே பேட்டரி. "அப்டேட் போட்டதுல இருந்து சார்ஜே நிக்க மாட்டேங்குது" என்ற புலம்பல் கல்லூரி விடுதியிலும் கம்பெனி பஸ்ஸிலும் அடிக்கடி கேட்பதுதான்.

இந்தப் புலம்பலுக்கு ஒரு வரலாறு உண்டு நண்பர்களே. அதைக் கலிபோர்னியாவில் தொடங்குவதை விட ஓசூரில் தொடங்குவது பொருத்தமாக இருக்கும். பேட்டரியில் ஓடும் பொருட்கள் கடந்த நாற்பது ஆண்டுகளில் எப்படி மாறின என்பதை அந்த ஊரின் தொழிற்சாலைகளைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

சாவி கொடுத்த காலம்

ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூர். அங்கே எச்.எம்.டி. நிறுவனம் 1961ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் சேர்ந்து கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. பல ஆண்டுகள் இந்தியர்களின் கையில் இருந்தவை பெரும்பாலும் சாவி கொடுக்கும் கடிகாரங்களே. தினமும் சாவி கொடுக்க வேண்டும், மறந்தால் கடிகாரம் நின்றுவிடும்.

1984ல் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடா குழுமமும் இணைந்து ஒரு கடிகார நிறுவனத்தைத் தொடங்கின. அதுதான் டைட்டன். ஓசூர் சிப்காட்டில் ஆலை அமைந்தது. எச்.எம்.டி. சாவிக் கடிகாரத்தில் கோலோச்சியபோது டைட்டன் குவார்ட்ஸ் கடிகாரத்தை நம்பிக் களத்தில் இறங்கியது. குவார்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு சின்ன படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். அதை இயக்க ஒரு பட்டன் செல் போதும். அந்த செல் சாதாரணமாக இரண்டு ஆண்டுகள் வரை உழைக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் கடிகாரம் எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்பது ஓசூர் ஆலையிலேயே முடிவாகிவிட்டது. கடையை விட்டு வெளியே வந்தபின் அதை யாராலும் மாற்ற முடியாது. பேட்டரி தீர்ந்தால் தெருமுனைக் கடிகாரக் கடையில் வேறு செல் போட்டுக்கொள்ளலாம். அவ்வளவுதான் விவகாரம்.

பின்மூடியைத் திறக்க முடிந்த காலம்

அடுத்து செல்போன் வந்தது. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது (2014ல் அது மூடப்பட்டது தனிக் கதை). அந்தக் கால நோக்கியா போன்களில் மென்பொருள் இருந்தது. ஆனாலும் வாங்கியபோது இருந்த மென்பொருளோடுதான் பெரும்பாலும் அந்த போனின் ஆயுளும் முடியும்.

அப்போதும் பேட்டரிப் பிரச்சினை வராமல் இல்லை. 2007 ஆகஸ்டில், பி.எல்.-5சி என்ற பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சார்ஜ் ஆகும்போது சூடாகக்கூடும் என்று நோக்கியாவே அறிவித்தது. அவை மட்சுஷிடா நிறுவனம் 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையில் தயாரித்தவை. இந்தியாவில் அன்று ஒரே பதற்றம்! ஆனால் மக்கள் செய்தது எளிய காரியம். பின்மூடியைக் கழற்றி, பேட்டரியில் அச்சிட்டிருந்த எண்ணைச் சரிபார்த்து, அந்த வரிசையில் இருந்தால் இலவசமாக மாற்றிக்கொண்டார்கள். குறை எங்கே இருக்கிறது என்று நிறுவனம் சொன்னது, வாங்கியவர் தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டார்.

காற்றில் வந்த அப்டேட்

2011 அக்டோபரில் ஆப்பிள் ஐ.ஓ.எஸ். 5 வெளியிட்டது. அதிலிருந்து ஐபோனைக் கணினியில் செருகாமல், காற்றிலேயே அப்டேட் செய்யலாம் என்ற வசதி வந்தது. வேடிக்கை என்னவென்றால் அதே ஐ.ஓ.எஸ். 5 வந்தவுடன்தான் சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது என்ற புகார் உலகம் முழுவதும் கிளம்பியது. மென்பொருளில் சில பிழைகள் இருப்பதை ஆப்பிள் ஒப்புக்கொண்டு, நவம்பர் 10ம் தேதி 5.0.1 என்ற திருத்தத்தை அனுப்பியது. நோயும் மருந்தும் ஒரே வழியில் வந்தன!

சரி, அப்டேட்டுக்குப் பின் சார்ஜ் ஏன் இறங்குகிறது? எல்லா நேரமும் அது பிழையல்ல. புது மென்பொருள் ஏறியதும் போன் பின்னணியில் நிறைய வேலை செய்கிறது. படங்களை மறுபடி வகைப்படுத்தும், தேடலுக்கான அட்டவணையைப் புதிதாக எழுதும், செயலிகளைப் புது அமைப்புக்கு ஏற்ப மாற்றும். இரண்டு மூன்று நாளில் இந்த வேலை முடிந்து பழைய நிலை திரும்பும். அதற்குப் பிறகும் இறங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும். அமைப்புகளில் பேட்டரி பகுதிக்குப் போய் எந்தச் செயலி அதிகம் எடுக்கிறது என்று பார்க்கலாம்.

இன்னொரு காரணம் ஓசூர்க்காரர்களுக்கு நன்றாகப் புரியும். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, அதாவது கர்நாடகம். தமிழ்நாடு வட்டம் முடிந்து கர்நாடக வட்டம் தொடங்கும் இடம். ரோமிங் கட்டணம் இருந்த காலத்தில் போன் எந்த மாநில டவரைப் பிடிக்கிறது என்பது காசு விஷயம். கட்டணம் போன பின்னும் அது சார்ஜ் விஷயம்தான். டவர் பலவீனமாக இருந்தால், மாறி மாறித் தேட வேண்டியிருந்தால், போன் அதிக மின்சாரம் செலவழிக்கும். டவரோடு பேசும் மோடத்தின் மென்பொருளும் பல நேரம் இதே அப்டேட்டில்தான் மாறுகிறது.

சொல்லாமல் செய்தது

2017ல் கதை வேறு திசையில் திரும்பியது. அந்த ஆண்டு ஜனவரியில் வந்த ஐ.ஓ.எஸ். 10.2.1 அப்டேட்டுக்குப் பின், பழைய பேட்டரி உள்ள ஐபோன்கள் மெதுவாக ஓடின. பேட்டரி வயதானால் தேவையான நேரத்தில் அதிக மின்சாரம் தர முடியாமல் போன் திடீரென அணைந்துவிடும். அதைத் தடுக்க மென்பொருள் செயலியின் வேகத்தைக் குறைத்தது. காரணம் நியாயமானதே. ஆனால் வேகத்தைக் குறைக்கிறோம் என்று வாங்கியவருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை!

டிசம்பர் 18ம் தேதி, கீக்பெஞ்ச் என்ற சோதனைக் கருவியை உருவாக்கிய ஜான் பூல், பழைய பேட்டரிக்கும் வேகக் குறைவுக்கும் உள்ள தொடர்பை எண்களோடு வெளியிட்டார். டிசம்பர் 28ல் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2018 மார்ச்சில் பேட்டரியின் நிலையைப் பயனர் பார்க்கும் வசதி வந்தது. 2020ல் பிரான்ஸ் ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அப்டேட் போட்டால் போன் மெதுவாகலாம் என்பதை மக்களிடம் சொல்லாமல் விட்டதற்காகத்தான் அந்த அபராதம் என்பது குறிப்பிடத்தக்கது.

மீண்டும் ஓசூர்

இப்போது ஓசூருக்குத் திரும்பலாம். கடிகாரம் செய்த அதே டாடா குழுமத்தின் டாடா எலெக்ட்ரானிக்ஸ், உத்தனப்பள்ளி பக்கம் பெரிய ஆலை அமைத்து ஐபோனுக்கான வெளிக்கூடு செய்கிறது. கூடு நம் ஊரில் உருவாகிறது. அதற்குள் இருக்கும் மென்பொருள் கலிபோர்னியாவில் எழுதப்படுகிறது. அந்த போனின் சார்ஜ் நாளை எவ்வளவு நேரம் நிற்கும் என்பது ஓசூரில் முடிவாவதில்லை. அந்த ஆலையில் வேலை செய்பவருக்கும் அது தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

போனோடு இது முடியவில்லை. டி.வி.எஸ். ஐக்யூப், ஏத்தர் ஆகிய மின்சார ஸ்கூட்டர்கள் ஓசூரில் தயாராகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளி அருகே ஓலா ஆலை வந்தது. இந்த வண்டிகளுக்கும் காற்றில் அப்டேட் வருகிறது. ஓலா 2022ல் அனுப்பிய மூவ் ஓ.எஸ். 2 அப்டேட்டில், அதிக தூரம் ஓடுவதற்கான "ஈகோ" முறை சேர்ந்தது. விற்ற வண்டியின் தூரத்தை மென்பொருளால் கூட்ட முடியும் என்றால் குறைக்கவும் முடியும் அல்லவா? போன் அணைந்தால் ஒரு அழைப்பு தவறும். வண்டி நின்றால் ராத்திரி ஷிப்ட் முடிந்து வருபவர் நெடுஞ்சாலையில் நிற்க வேண்டியதுதான்.

இது வெறும் கற்பனைப் பயமல்ல. 2025 ஜனவரியில் கூகுள், 2020ல் வெளியான பிக்சல் 4ஏ போன்களுக்கு ஒரு அப்டேட் அனுப்பி, சில போன்களின் பேட்டரி கொள்ளளவை வேண்டுமென்றே குறைத்தது. சூடாகும் ஆபத்தைத் தவிர்க்கத்தான். இலவச பேட்டரி மாற்றம் போன்ற ஈடும் கொடுத்தது. 2007ல் நோக்கியா செய்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அன்று எண்ணைப் பார்த்து மாற்றுவது வாங்கியவர் கையில் இருந்தது. இன்று பேட்டரி உள்ளே ஒட்டப்பட்டிருக்கிறது, மாற்றம் காற்றில் வருகிறது.

முடிவாக

அப்டேட்டே வேண்டாம் என்று சொல்வது சரியல்ல. பாதுகாப்புக் குறைகளை அடைப்பதும் அதுதான். கேட்க வேண்டியது ஒன்றே: இந்த அப்டேட் என் பேட்டரியை என்ன செய்யும் என்று முன்கூட்டியே, புரியும் மொழியில் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், புதிய போன் பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறிய பின்னும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. இந்தியாவிலும் 2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருளின் தரத்தையும் அளவையும் அறியும் உரிமையைத் தருகிறது. வாங்கிய நாளில் இருந்த அந்த உரிமை, அப்டேட் வரும் ஒவ்வொரு நாளிலும் இருக்க வேண்டும்.

சாவி கொடுத்த காலத்தில் கடிகாரம் நின்றால் யார் மறந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இன்று சார்ஜ் தீர்ந்தால் காரணம் யாரென்று தெரிவதில்லை. அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை போனை வாங்கியவருக்கு உண்டுதானே?