மல்லன் கையைப் பிடித்த ஆசிரியர்

கல்லூரிப் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தே வயதைக் கழித்தவன் நான். குருபரம்பரைக் கதைகளைப் பக்தர்கள் ஒரு விதமாகப் படிப்பார்கள், வேதாந்தம் தெரிந்தவர்கள் வேறு விதமாகப் படிப்பார்கள். எனக்கு வருவது பி.டி. மாஸ்டர் வாசிப்புதான். யார் யாரோடு பேசுவதில்லை, யார் எங்கே உட்காருகிறான், யாரிடம் சாவி இருக்கிறது என்றுதான் என் கண் போகும். எங்கள் ஊரான திருப்புட்குழிக்கு இந்த வாசிப்பு பொருந்தும். ராமானுஜர் படித்த பள்ளிக்கூடம், அவரைக் கைநழுவ விட்ட பள்ளிக்கூடம், இங்கேதான் நடந்தது.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே சுமார் 13 கிலோமீட்டரில், பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி இருக்கிறது ஊர். பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகள் பறக்கும். கொஞ்சம் உள்ளே வந்தால் விஜயராகவப் பெருமாள் கோயிலும் ஜடாயு தீர்த்தமும். ராவணனோடு மோதிச் சிறகிழந்த ஜடாயுவுக்கு ராமன் மகன் ஸ்தானத்தில் நின்று ஈமக்கடன் செய்த இடம் இது என்பது ஸ்தல வரலாறு. திருமங்கையாழ்வார் பாடிய தலம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பிள்ளைப்பேறு வேண்டி வரும் பெண்கள் வறுத்த பயற்றை மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள். விடிந்து பார்க்கும்போது பயறு முளைவிட்டிருந்தால் மரகதவல்லித் தாயார் அருள் கிடைத்துவிட்டது என்று கணக்கு. வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்டு வருவது இந்தப் பயற்றைத்தான். அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்திய யாதவப்பிரகாசரைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் மனக்குறை உண்டு.

மனிதர் லேசுப்பட்டவர் அல்ல. 'வைஜயந்தி' என்ற சமஸ்கிருத நிகண்டு அவர் பெயரில் இன்றும் இருக்கிறது. பிரம்மத்துக்கும் உலகத்துக்கும் வேற்றுமையும் உண்டு, ஒற்றுமையும் உண்டு என்ற பேதாபேதக் கட்சிக்காரர். ஆனால் வைணவக் கதைகள் அவரைச் சுத்த அத்வைதியாகவே காட்டும். தோற்ற அணியைப் பற்றி ஜெயித்த அணி எழுதும்போது இப்படிச் சில விவரங்கள் தவறிப்போவது வழக்கம்தான். 11ஆம் நூற்றாண்டில், பல்லவர் காலத்திலிருந்தே கல்விக்குப் பெயர்போன காஞ்சியின் சுற்றுவட்டாரத்தில், தன் பெயரைச் சொல்லியே மாணவர்களை இழுத்த ஆசிரியர் அவர்.

1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இளையாழ்வார், அதாவது பின்னாளைய ராமானுஜர், கல்யாணம் முடிந்து, தகப்பனாரை இழந்து, குடும்பத்தோடு காஞ்சிக்கு வந்து இந்தப் பள்ளியில் சேர்ந்தார். சித்தி மகன் கோவிந்தனும் கூடப் படித்தான். பாடம் என்றால் இன்றைய வகுப்பு மாதிரி அல்ல. ஆசிரியர் குளிப்பதற்கு முன் எண்ணெய் தேய்த்துவிடுவதும் மாணவர் வேலை. அப்படித் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், சாந்தோக்ய உபநிஷத்தில் பரம்பொருளின் கண்களைச் சொல்லும் இடத்துக்கு விளக்கம் கேட்டான் ஒரு பையன். ஆசிரியர் பழைய உரைப்படி, குரங்கின் பின்புறச் சிவப்பைப் போன்ற தாமரை என்றார். இளையாழ்வாரின் கண்ணீர் சூடாக ஆசிரியரின் தொடையில் விழுந்தது. என்ன அழுகை என்று கேட்டதற்கு, சூரியனால் மலர்ந்த தாமரை என்றும் அதே சொல்லைப் பிரிக்கலாமே என்றார் மாணவர்.

இந்த இடத்தில் உரை வல்லவர்கள் இலக்கணத்துக்குள் போய்விடுவார்கள். நான் பார்ப்பது அடுத்து ஆசிரியர் என்ன செய்தார் என்பதை. அந்தப் பொருள் இலக்கணத்துக்கு நிற்குமா என்று மற்ற மாணவர்களை விசாரிக்கச் சொல்லியிருக்கலாம். கேலிதான் செய்தார். பிறகு தைத்திரீயத்தில் இன்னொரு இடத்தில் மறுபடி முட்டிக்கொண்டது. அதற்கப்புறம் பள்ளி இரண்டாகிவிட்டது: ஆசிரியர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் ஒரு பக்கம், இளையாழ்வாரும் கோவிந்தனும் ஒரு பக்கம். கெட்டிக்காரப் பையன் ஒருவன் வந்துவிட்டால் கோச்சுக்கு வரும் பயம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். பயிற்சியில் நான் போட்ட திட்டத்தை ஒருவன் நாலு பேர் எதிரில் மாற்றிச் சொல்லும்போது உள்ளே ஒன்று சுருக்கென்று குத்தும்.

பிறகு காசி யாத்திரை. இளையாழ்வாரைக் கங்கையில் மூழ்கடித்துவிட்டு விபத்து என்று சொல்லிவிடலாம் என்று ஆசிரியர் பக்கத்தினர் திட்டம் போட்டார்களாம். விந்தியக் காட்டில் கோவிந்தன் ஜாடையாக எச்சரிக்க, இளையாழ்வார் கூட்டத்தை விட்டு விலகினார். ஒரு வேடுவத் தம்பதி வழிகாட்ட, விடிந்தபோது காஞ்சி வந்திருந்தது. அந்தத் தம்பதிக்கு அவர் தண்ணீர் எடுத்துக்கொடுத்த சாலைக் கிணறு செவிலிமேட்டுப் பக்கம் இன்றும் இருக்கிறது. கொலைத்திட்டம் வரலாறா, கதையா என்ற வழக்கில் நான் நுழையவில்லை. கதையில் என்னை நிறுத்திவைப்பது அதற்கடுத்த வரி: ஆசிரியர் ஊர் திரும்பியதும் இளையாழ்வார் மறுபடி அதே வகுப்பில் போய் உட்கார்ந்தார். அணியிலிருந்து நீக்கப்பட்ட பையன் மறுநாள் மைதான ஓரத்தில் ஷூவைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவனுக்குத்தான் இது ஆச்சரியமாக இருக்காது.

கடைசியில் பிரிவு வந்தது. பூவிருந்தவல்லியில் பிறந்து, காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசிக்கொண்டிருந்த திருக்கச்சி நம்பியிடம் போய்ச் சேர்ந்தார் இளையாழ்வார். நம்பி பிராமணர் அல்ல. அவர் உண்ட மிச்சத்தை உண்ண இளையாழ்வார் ஆசைப்பட்டதும், அதில் மனைவியோடு மனத்தாங்கல் வந்ததும், பிறகு துறவு பூண்டதும் ஊரறிந்தவை. வைணவ ஆசாரியர் ஆளவந்தாரின் சீடர்கள் அவரை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்தார்கள். புது கோச் பொறுப்பேற்கும் கதை அங்கே தொடங்குகிறது.

ஸ்ரீரங்கத்தில் கோயில் சாவி பெரிய கோயில் நம்பியிடம் இருந்தது. கோயில் முழுக்க அவர் ஆட்கள். பழக்கவழக்கம் எல்லாம் அவர் வைத்தது. வந்தவுடனே இவரை வெளியே அனுப்பலாமா என்று ராமானுஜருக்குத் தோன்றியிருக்கிறது. ஸ்ரீரங்கக் கோயிலின் வரலாற்றைச் சொல்லும் கோயிலொழுகு இதை மறைக்கவில்லை. ஆனால் அனுப்பவில்லை. தன் சீடர் கூரத்தாழ்வானை அவரிடம் பழக விட்டார். பேசிப் பேசி ஒரு நாள் சாவி கைமாறியது. அந்த நம்பிதான் திருவரங்கத்தமுதனார், பின்னாளில் ராமானுஜர் மீது நூற்றந்தாதி பாடியவர். பழைய கேப்டனை உட்காரவைத்துவிட்டுப் புதுக் கேப்டனைப் போடுவது சுலபம். பழைய ஆளையே தன் பக்கம் கொண்டுவருகிறவர்கள் குறைவு.

சாவி வந்த பிறகு என்ன செய்தார் என்பதில்தான் கோயிலொழுகு ரொம்பப் பேசும். பல தலைமுறையாக எழுதிச் சேர்த்த கணக்குப் புத்தகம் அது. ஐந்தாக இருந்த ஊழியப் பிரிவுகளைப் பத்துக் கொத்தாக மாற்றி, ஒவ்வொரு கொத்துக்கும் இன்ன வேலை, இன்ன மரியாதை, இன்ன பங்கு என்று எழுதிவைத்தார் என்கிறது. தீபம் பிடிக்கிறவன், திருமஞ்சனத் தண்ணீர் சுமக்கிறவன், பூத்தொடுக்கிறவன், காவல் நிற்கிறவன் எல்லாருக்கும் இடம் உண்டு, அந்த இடத்துக்கு ஒரு பெயரும் உண்டு. பெருமாளுக்குத் தைலமும் கஷாயமும் நேரப்படி சமர்ப்பிக்க ஏற்பாடு, தன்வந்திரி சந்நிதி. நிர்வாகத்துக்குச் சீடர் முதலியாண்டான். இதெல்லாம் எல்லாருக்கும் பிடித்துவிடவில்லை. அவருக்கே விஷச் சோறு வைத்தார்கள் என்றும், அதன் பிறகு சீடர் கிடாம்பி ஆச்சான் மடைப்பள்ளிப் பொறுப்புக்கு வந்தார் என்றும் குருபரம்பரை சொல்கிறது. ஓர் அமைப்பின் பழக்கத்தைத் தொட்டவன் சமையலறையில் கவனமாக இருக்கவேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடப் பழைய சாட்சியம் இல்லை.

எல்லாருக்கும் ஓர் இடம் என்பது எனக்குத் தறியிலிருந்தே தெரியும். எங்கள் அப்பா காஞ்சிபுரத்தில் கோர்வைப் புடவை நெய்தவர். கோர்வையில் ஒருத்தர் மட்டும் உட்கார்ந்தால் ஆகாது. இரண்டு கரைக்கும் உடலுக்கும் சேர்த்து மூன்று நாடா ஓடும், எதிர்க்கரை நாடாவை வீச ஒரு கையாள் வேண்டும். கையாள் தாளம் தவறினால் கரையும் உடலும் சேருமிடத்தில் பல்லிளிக்கும். நான் ஒரு கல்லூரியில் அணியைப் பொறுப்பெடுத்தபோது அங்கே கையாள் என்ற நினைப்பே இல்லை. முதலாண்டுப் பையன்கள் வலையைச் சுமப்பார்கள், சுண்ணாம்புக் கோடு போடுவார்கள், சீனியர்களின் வியர்வை ஜெர்சியைத் துவைப்பார்கள். வேனில் முன் சீட் சீனியருக்கு, பின்னால் பந்துமூட்டையோடு ஜூனியர். ஆட்டத்திலும் அதே கதை: பின்வரிசைப் பையன் பந்தைப் பறித்தால் முன்வரிசை சீனியர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான், பந்து தன் காலுக்கு வந்தாகவேண்டும். வலையைக் கேப்டன் சுமக்கட்டும் என்று மாற்றினேன். இரண்டு சீனியர்கள் விலகிப்போனார்கள். அந்த வருஷம் மண்டலப் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியே வந்தோம். நிர்வாகத்தில் என்னைக் கூப்பிட்டு, பழைய மாஸ்டர் காலத்தில் இப்படியெல்லாம் இல்லையே என்றார்கள்.

இந்தியக் கால்பந்தில் பழக்கத்தை மாற்றும் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியர். 1950இல் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியை எடுத்தார். அந்த வருஷம் தொடங்கித் தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பை அவர்களுக்கு. இந்திய அணியையும் அவரிடமே கொடுத்தார்கள்: 1951இல் ஆசியப் போட்டித் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். நடுவே 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்ற தோல்வியும் அவர் கணக்கில்தான். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. தற்காப்பு ஆட்டக்காரரான அவரை அரையிறுதியிலும் இறுதியிலும் முன்வரிசைக்கு அனுப்பினார் ரஹீம். இரண்டிலும் கோல் அடித்தார் ஜர்னைல். தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம். அடுத்த வருஷம் புற்றுநோயில் ரஹீம் போய்விட்டார். ரஹீமின் 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் ஆடியவர் தஞ்சாவூர் சைமன் சுந்தரராஜ். அவர் பயிற்சி கொடுத்த கேரள அணிதான் 1973இல் அந்த மாநிலத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பையைக் கொண்டுவந்தது.

ஸ்ரீரங்கத்துக்குத் திரும்புவோம், அங்கே ஒரு மல்லன் காத்திருக்கிறான். உறையூரில் இருந்த வில்லி, சோழனின் மெய்க்காவலன். மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் கிறங்கி, அவளுக்கு வெயில் படாமல் குடை பிடித்தபடி தெருவில் நடந்தவன். அரங்கன் கண்ணைக் காட்டி அவனைத் தன்பக்கம் இழுத்தார் ராமானுஜர். உறங்காவில்லி தாசர் ஆனான். அன்றைய உலகம் தாழ்ந்த குலம் என்று ஒதுக்கிய ஆள். காவேரியில் குளிக்கப் போகும்போது முதலியாண்டான் கையைப் பிடித்துப் போகும் ராமானுஜர், குளித்து எழுந்து வரும்போது உறங்காவில்லியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். சீடர்களுக்குத் தாங்கவில்லை.

அவர்களைக் கூப்பிட்டு உபதேசம் செய்யவில்லை அவர். ஒரு ராத்திரி கொடியில் உலர்ந்த சீடர்களின் வேட்டிகளில் ஆளனுப்பித் துண்டு கிழிக்கவைத்தார். விடிந்ததும் வேட்டிக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் வாயில் வந்தபடி ஏசினார்கள். பிறகு அதே சீடர்களை அனுப்பி, தூங்கும் பொன்னாச்சியின் நகைகளைக் கழற்றிவரச் சொன்னார். ஒரு பக்க நகை கழன்றதும், பாவம் வறுமையில் வந்திருக்கிறார்கள், மறுபக்கமும் எடுத்துக்கொள்ளட்டும் என்று தூக்கத்தில் புரள்வதுபோல் புரண்டுகொடுத்தாள் அவள். இவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள். வீடு வந்த புருஷன், நீ ஏன் புரண்டாய், சும்மா கிடந்திருந்தால் அவர்களே எடுத்துக்கொண்டிருப்பார்களே என்று அவளைக் கடிந்துகொண்டான். வாசலுக்கு வெளியே நின்று சீடர்கள் இதைக் கேட்டார்கள். நகையும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. வேட்டிச் சண்டையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை மட்டும் சீடர்களுக்கு விடப்பட்டது.

பயிற்சிக்காரனாக எனக்கு ஒரு சின்ன ஆட்சேபம் உண்டு. பொன்னாச்சியைக் கேட்காமல் அவளை வைத்துச் சோதனை நடத்தியிருக்கவேண்டாம்.

திருப்புட்குழி ஆசிரியர் கதைக்கு இன்னும் ஒரு பாகம் பாக்கி. இதெல்லாம் நடப்பதற்கு முன்பே, ராமானுஜர் துறவு பூண்டு காஞ்சியில் இருந்த நாளிலேயே, யாதவப்பிரகாசர் அவரைத் தேடி வந்தார். தாயார் வற்புறுத்தியதாகக் கதை. வயதான ஆசிரியர் பழைய மாணவரிடம் சீடராகச் சேர்ந்து, துறவு வாங்கி, கோவிந்த ஜீயர் ஆனார். எண்ணெய் தேய்த்த கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டவர் கும்பிடு போட்டார். மாணவர் அவரை ஓரத்தில் உட்காரவைக்கவில்லை. துறவிகளுக்கான விதிகளைத் தொகுத்து எழுதுங்கள் என்று வேலை கொடுத்தார். 'யதிதர்ம சமுச்சயம்' என்ற அந்த நூல் இன்றும் இருக்கிறது. குடுமியையும் பூணூலையும் விடாமல், முக்கோல் ஏந்தித் துறவி எப்படி இருக்கவேண்டும், எங்கே பிச்சை எடுக்கவேண்டும், என்ன சாப்பிடவேண்டும் என்று வரி வரியாகச் சொல்கிறது. அவருடைய வேதாந்த உரைகள் எதுவும் நம் கைக்கு வரவில்லை. நிகண்டும் இந்த விதிப்புத்தகமும் வந்திருக்கின்றன.