சிதறிக் கிடந்த கணக்கு

கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் போயிருக்கிறீர்களா? மூக்கைப் பொத்திக்கொண்டாவது ஒருமுறை நின்று பாருங்கள். வடசென்னை தூக்கிப்போட்டதைச் சிலர் குனிந்து பொறுக்குவார்கள். பேப்பர் ஒரு மூட்டை, பிளாஸ்டிக் ஒரு மூட்டை, இரும்பு ஒரு மூட்டை. சிதறிக் கிடக்கும்வரை அது குப்பை. ரகம் பிரித்துக் கட்டினால் காயலான் கடையில் காசு.

அறிவியலிலும் இந்தத் தொழில் உண்டு. இதே சென்னையில் அதைச் செய்து சாதித்தவர் ஜி.என்.ராமச்சந்திரன்.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தார். நம் தோலிலும் எலும்பிலும் இருக்கிற கொலாஜன் என்ற புரதம், மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு என்று 1954-ல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து சொன்னார். மறு வருஷமே எதிர்ப்பு. டி.என்.ஏ. புகழ் கிரிக்கும், அலெக்ஸாண்டர் ரிச்சும், அணுக்கள் அவ்வளவு நெருக்கமாக நிற்காது என்றார்கள்.

சரி, எவ்வளவுதான் நெருங்கலாம்? பதில் ஒரே இடத்தில் இல்லை. ஒரு படிகத்தின் அளவு ஒரு ஆய்விதழில், இன்னொன்றின் அளவு வேறெங்கோ. ராமச்சந்திரன் குழு அவற்றைத் தேடித் தேடித் தொகுத்தது. அதிலிருந்து எல்லை வகுத்து, ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு 1963-ல் ஒரு வரைபடம் வெளியிட்டார். புரதச் சங்கிலி எப்படி வளையலாம், எப்படி வளையவே முடியாது... எல்லாம் ஒரே சதுரத்தில் அடக்கம். உலகம் முழுக்க அதற்குப் பெயர் 'ராமச்சந்திரன் வரைபடம்'.

கைவேலை எத்தனை நாளைக்குத் தாங்கும்? 1965-ல் அமெரிக்காவின் மார்கரெட் டேஹாஃப் தொகுத்த புத்தகத்தில் இருந்தவை 65 புரதங்கள். 1971-ல் அங்கே தொடங்கிய 'புரோட்டீன் டேட்டா பேங்க்' கையிருப்பு வெறும் 7 அமைப்புகள். இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல்! மனுஷன் பொறுக்கி முடியுமா? மென்பொருள்தான் பொறுக்குகிறது.

எப்படி? பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், பாங்க் ரீகன்சிலியேஷன். ஒரே புரதத்துக்கு இரண்டு ஆய்வுக்கூடங்களில் இரண்டு பெயர். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாள எண். அதை வைத்து மென்பொருள் பல ஏடுகளை ஒத்துப் பார்த்துக் கோக்கிறது. 1991-ல் வந்த 'என்ட்ரெஸ்' புரதத்தையும், அதன் மரபணு வரிசையையும், அதைப் பற்றிய கட்டுரையையும் இப்படித்தான் ஒரே கயிற்றில் கட்டியது.

ஆனால் ஒரு ஏட்டில் தப்பாக ஏறினது, மெஷின் வேகத்தில் பத்து ஏட்டுக்குப் போய்விடும். தப்பான அமைப்பை நம்பி மருந்து தேடினால் உழைப்பும் வருஷங்களும் வீண். அதனால் டேட்டா பேங்கில் புதிதாக ஒரு புரதம் சேர்ந்தால், மென்பொருளே ஆடிட் பண்ணுகிறது. ஆடிட்டர் கையிலிருக்கும் அளவுகோல்களில் ஒன்று எது தெரியுமா? நம்ம ராமச்சந்திரன் வரைபடம்!

யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்ற அந்த ஏட்டில் படித்துத்தான் 'ஆல்ஃபாஃபோல்ட்' புரத வடிவங்களைக் கணிக்கக் கற்றது. அதற்காக ஹஸாபிஸுக்கும் ஜம்பருக்கும் 2024-ல் நோபல். 2001-ல் மறைந்த ராமச்சந்திரனுக்கு அது கிடைக்கவே இல்லை.

காயலான் கடைத் தராசில் எடை மட்டும்தான் ஏறும். குனிந்து பொறுக்கினவர் பெயர் ஏறாது. நாமாவது ஞாபகம் வைத்துக்கொள்வோம்.