டிரில் மாஸ்டர் படித்த இயற்பியல்

பள்ளியில் உங்களுக்கு உடற்பயிற்சி கற்பித்தவரை என்ன பெயரிட்டு அழைத்தீர்கள்? உங்கள் தந்தையார் 'டிரில் மாஸ்டர்' என்று அழைத்திருப்பார். நீங்கள் 'பி.டி. வாத்தியார்' என்று அழைத்திருக்கலாம். மற்ற ஆசிரியர்களெல்லாம் தாம் கற்பிக்கும் பாடத்தின் பெயரால் அறியப்பட, இவர் மட்டும் நெடுங்காலம் ஓர் இராணுவச் சொல்லால் அறியப்பட்டார். அவருக்கும் ஒரு பாடம் உண்டு, அதைக் கல்லூரியில் முறையாகப் பயின்றுவிட்டுத்தான் அவர் மைதானத்திற்கு வருகிறார் என்பது பலருக்கு இன்றும் வியப்பான செய்தி. அந்தப் படிப்பு நம் நாட்டில் தோன்றியது சென்னையில்தான்.

இதை நான் எழுதுவது சென்னையின் மேற்கே உள்ள பாடியிலிருந்து. உடற்கல்வியைப் பற்றி எழுதப் பொருத்தமான ஊர் என்று மாணவர்கள் கேலி செய்வார்கள். ஆங்கிலத்தில் உடலுக்கு அதுதானே பெயர்! ஆனால் தமிழ் அகராதியைப் புரட்டினால் 'பாடி' என்பதற்கு ஊர் என்பதோடு, படை தங்கும் இடம் என்ற பொருளும் இருக்கக் காணலாம். பள்ளி மைதானத்தின் கதையும் படை தங்கிய இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் நம் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் வரிசையில் நிற்பதும், திரும்புவதும், கால் மாற்றி நடப்பதும்தான். கற்பித்தவர்களில் பலர் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். 1882-ஆம் ஆண்டின் இந்தியக் கல்விக் குழு, நாட்டு விளையாட்டுகளையும் ஜிம்னாஸ்டிக்ஸையும் டிரில்லையும் ஊக்குவிக்க வேண்டுமென்று பரிந்துரை செய்தது. பரிந்துரை நல்லதே. ஆனால் நாட்டு விளையாட்டை முறையாகக் கற்பிக்க ஆள் எங்கே? கட்டளையிடத் தெரிந்தவர்கள் கிடைத்தார்கள். ஆகவே டிரில் மட்டும் நிலைத்தது. நூறு பிள்ளைகளும் ஒரே அசைவை ஒரே கணத்தில் செய்தால் போதும் என்ற முறையில், எந்தப் பிள்ளைக்கு எந்த அசைவு தகும் என்ற கேள்வி எழவே இடமில்லை.

அந்தக் கேள்வியை எழுப்பும் கல்வியோடு 1919-இல் அமெரிக்காவிலிருந்து இங்கு வந்து சேர்ந்தார் ஹாரி குரோ பக். அவர் பயின்றது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரி. 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்கள் கூரைக்கு அடியில் விளையாட வேண்டுமென்று சுவரில் பழக்கூடைகளை மாட்டிக் கூடைப்பந்தை உருவாக்கியது அங்கேதான். பக் சென்னை வந்த மறு ஆண்டே, 1920-இல், உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவில் இவ்வகையில் அது முதலாவது. ஆசியாவிலேயே முதல் என்றும் சொல்வதுண்டு. ஆனால் 1878-லேயே டோக்கியோவில் ஜப்பானிய அரசு ஜிம்னாஸ்டிக்ஸ் ஆசிரியர்களுக்கென ஒரு கழகம் நிறுவியிருந்ததால், அந்தப் பெருமையை நான் வலியுறுத்த மாட்டேன். சைதாப்பேட்டைக்கு அருகில், நந்தனத்தில் அடையாற்றங்கரையில் பரந்த மைதானங்களோடு இன்று இயங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அந்தப் பள்ளியின் வளர்ச்சியே.

1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்தியக் குழுவை வழிநடத்தியவர்களில் பக்கும் ஒருவர். ஆயினும் அவருடைய பெரிய காரியம் அதுவன்று. ஆசிரியராகப் போகிறவர் விளையாடத் தெரிந்தவராக இருந்தால் மட்டும் போதாது, தசை, எலும்பு, மூச்சு, குருதி ஓட்டம் ஆகியவற்றையும் பாடமாகப் படிக்க வேண்டும் என்ற முறையை அவர் இங்கு வேரூன்றச் செய்தார். மேல்நாட்டு விளையாட்டுகளோடு நின்றுவிடாமல் தண்டால், பஸ்கி போன்ற நம் பயிற்சிகளுக்கும் பாடத்திட்டத்தில் இடம் கொடுத்தார். 1943-இல் அவர் மறைந்தபோது, டிரில் மாஸ்டரை உடற்கல்வி ஆசிரியராக மாற்றும் வேலை பாதியேனும் நடந்திருந்தது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 50 கிலோ எடையுள்ள சிறுவன் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து குதிக்கிறான். பாதம் தரையைத் தொடும்போது அவன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர். இது உயரத்தைப் பொறுத்தது. அவனால் மாற்ற முடியாது. ஆனால் அந்த வேகம் எவ்வளவு தொலைவுக்குள் சுழியாகிறது என்பது அவன் கையில், இல்லை, காலில் இருக்கிறது. காலை விறைப்பாக வைத்து 5 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால், பாதத்தின் மேல் சராசரியாகத் தாக்கும் விசை அவன் எடையைப்போல் 21 மடங்கு, அதாவது 1,050 கிலோ எடைக்குச் சமம். கணுக்காலையும் முழங்காலையும் இடுப்பையும் மடக்கி 50 சென்டிமீட்டர் இறங்கி நின்றால் மூன்று மடங்குதான். 150 கிலோ எடை. 'முழங்காலை மடக்கு' என்று பழைய டிரில் மாஸ்டரும் சொல்லியிருப்பார். ஏன் மடக்க வேண்டும், மடக்கத் தவறும் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று அறிந்தவர், மணல் குழி ஆழமாகத் தோண்டப்படாத நாளில் தாண்டுதல் பயிற்சியையே நிறுத்திவைப்பார்.

இன்னொன்று. முழங்கையை மடக்கி உள்ளங்கையில் 5 கிலோ எடையை ஏந்துங்கள். மேற்கைத் தசை எலும்பைப் பற்றும் இடம் முழங்கை மூட்டிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர். எடை இருப்பதோ சுமார் 35 சென்டிமீட்டர் தள்ளி. திருப்புத்திறன்களைச் சமன் செய்து பார்த்தால், முன்கையின் சொந்த எடையைக் கணக்கில் கொள்ளாமலேயே, தசை 35 கிலோ எடை அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. நம் உடல் விசையில் இப்படி நட்டப்பட்டு வேகத்தில் இலாபம் பெறுகிறது. தசை 1 சென்டிமீட்டர் சுருங்கினால் கை 7 சென்டிமீட்டர் நகரும். பந்து எறிய முடிவது அதனால்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை நாள் முழுதும் பந்து எறியக் கூடாது என்பதும் அதனால்தான். வளரும் எலும்பின் முனையருகே உள்ள குருத்தெலும்புத் தட்டு, இந்தப் பன்மடங்கு இழுவையை ஓயாமல் தாங்கும் வலிமை பெற்றிருப்பதில்லை.

நெம்புகோல் கணக்கை உடலுக்குப் பொருத்திப் பார்த்தவர் இத்தாலியரான பொரெல்லி. அவரது நூல் அவர் இறந்த மறு ஆண்டு, 1680-இல் வெளிவரத் தொடங்கியது. தூக்கும் சுமையைவிடத் தசையின் விசை பல மடங்கு அதிகம் என்று அவர் காட்டியது, அதுவரை இருந்த எண்ணத்தைத் தலைகீழாக்கியது. 1882-இல் பிரெஞ்சுக்காரரான மாரே, நொடிக்கு 12 படம் பிடிக்கும் துப்பாக்கி வடிவக் கேமராவைச் செய்தார். பிறகு ஓட்டக்காரருக்குக் கறுப்பு உடை உடுத்தி, கைகால்களில் வெள்ளைக் கோடு இட்டு, ஒரே தகட்டில் ஓட்டம் முழுவதையும் பதித்தார். அவருடைய உதவியாளர் டெமனி ஆய்வகத்தை விட்டு உடற்பயிற்சி ஆசிரியர்களுக்குக் கற்பிக்கச் சென்றார். பக் சென்னையில் பள்ளி நடத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இங்கிலாந்தில் ஏ.வி. ஹில் என்ற அறிஞர் புல்தரையில் தாமே ஓடி, வெளிவிட்ட மூச்சைப் பையில் பிடித்து, ஓடுபவனுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று அளந்தார். தசை வெப்பம் பற்றிய ஆய்வுக்காக 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்.

ஆக, அறிவியல் இருந்தது. கற்பிக்கும் இடமும் இருந்தது. பல்கலைக்கழகப் பட்டம் மட்டும் வர நாளாயிற்று. சான்றிதழும் டிப்ளமாவும் பெற்றுத்தான் ஆசிரியர்கள் வேலைக்கு வந்தார்கள். 1857 எழுச்சியின் நூற்றாண்டில், 1957 ஆகஸ்ட் 17 அன்று குவாலியரில் ராணி லட்சுமிபாயின் பெயரால் நிறுவப்பட்ட கல்லூரி, பி.எம். ஜோசப்பை முதல்வராகக் கொண்டு உடற்கல்வியில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கியது.

இது ஒரு தனிப் பாடமா என்ற ஐயம் நமக்கு மட்டும் உரியதன்று. 1963-இல் அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவரும் வேதியியலாருமான கோனண்ட், உடற்கல்வியில் முதுநிலைப் படிப்புகளையே எடுத்துவிட வேண்டுமென்று எழுதினார். மறு ஆண்டு கலிபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து ஃபிராங்க்லின் ஹென்றி பதில் அளித்தார். மனிதன் எப்படி அசைகிறான் என்பதே ஒரு முழுமையான ஆய்வுப் பொருள், இயற்பியலும் உடலியலும் உளவியலும் அங்கே சந்திக்கின்றன என்பது அவர் வாதம். வாதம் வென்றது. உடல் இயக்கவியல், பயிற்சி உடலியல், அசைவைக் கற்கும் உளவியல் என்று கிளைகள் பெருகின. என் பார்வையில் அந்த வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. கிளைகள் பெருகப் பெருக, ஆய்வகத்தில் இருப்பவரும் பள்ளி மைதானத்தில் நிற்பவரும் ஒருவரை ஒருவர் அறியாதவராயினர்.

நம் நாட்டில் இன்னும் அப்படி ஆகவில்லை. உடற்கல்வி மாணவர் காலையில் மைதானத்தில் இறங்கி, பிறகு வகுப்பில் எலும்புக்கூட்டின் முன் அமர்கிறார். நம் குறை வேறு இடத்தில் இருக்கிறது. இத்தனையும் படித்து வந்தவரிடம் நாம் கொடுப்பது வாரத்திற்கு ஒன்றிரண்டு பீரியடுகள். தேர்வு நெருங்கினால் அவற்றையும் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்கிவிடுகிறோம். கடன் என்றுதான் பெயர். திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நெம்புகோலைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிற நான், அந்தப் பிள்ளை தன் கையையே நெம்புகோலாக உணரக்கூடிய நேரத்தை எடுத்துக்கொள்வது எந்த வகையில் அறிவியலுக்குச் செய்யும் உதவி?

தமிழ்நாட்டில் 2005 முதல் உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் என்றே ஒரு பல்கலைக்கழகம் இயங்குகிறது. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் செல்லும் சாலையில் மேலக்கோட்டையூரில் அதன் வளாகம் உள்ளது. உடற்கல்விக்கான பி.பி.எட். படிப்பு 2015 முதல் இரண்டாண்டுப் படிப்பாகியிருக்கிறது. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும், போட்டிகளில் பங்கேற்ற சான்று முதலிய தகுதிகள் இருந்தால், விண்ணப்பிக்கலாம். ஓட்டத்திலும் இயற்பியலிலும் ஒருங்கே ஆர்வமுள்ள மாணவர் எவரேனும் இதைப் படித்தால், விண்ணப்பிக்கும் முன் ஒரு நாள் நந்தனம் மைதானத்திற்குக் காலை ஆறு மணிக்கே போய்ப் பாருங்கள்.