கதிரின் அளவைச் சரிபார்க்கும் இரண்டாவது கை

ஈப்போ வட்டாரத்து மூத்தவர்களிடம் கதிரியக்கம் என்று சொன்னால், முதலில் அவர்கள் நினைவுக்கு வருவது புக்கிட் மேரா. ஈயலம்பங்களில் மிஞ்சிய அமாங் மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. அதிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுக்க, ஏசியன் ரேர் எர்த் நிறுவனம் 1982இல் அங்கு உற்பத்தியைத் தொடங்கியது. மிஞ்சிய கழிவில் கதிரியக்கமுள்ள தோரியம் இருந்தது. அக்கழிவைப் புதைக்க பாப்பானில் இடம் பார்த்தபோது, 1984இல் அவ்வூர் மக்கள் எதிர்த்து எழுந்தார்கள்.

அந்தப் போராட்டத்தின் நடுவில் நின்ற கேள்வி ஒன்றுதான்: கதிரின் அளவு எவ்வளவு, அதை அளந்து சொல்வது யார்? ஆபத்தில்லை என்றது நிறுவனம். வெளியார் ஒருவர் அளக்கட்டும் என்றார்கள் மக்கள். 1984 டிசம்பரில் ஜப்பானியப் பேராசிரியர் சடாவ் இச்சிகாவா கருவியோடு வந்து தொழிற்சாலையின் அருகில் அளந்தார். அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் கதிர் மிக அதிகம் என்று அறிவித்தார். வழக்கு ஈப்போ உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. 1985 அக்டோபரில் இடைக்காலத் தடை கிடைத்தது. 1992 ஜூலையில் தீர்ப்பு மக்கள் பக்கம் வந்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. எனினும் 1994 ஜனவரியில், தொழிற்சாலையை மூடுவதாக நிறுவனமே அறிவித்தது.

பாப்பான் மக்கள் வீதியில் நின்ற அதே 1984ஆம் ஆண்டுச் சட்டமே, மலேசியாவில் தொழிற்சாலைக் கதிரோடு மருத்துவமனைக் கதிரையும் கட்டுப்படுத்துகிறது. புக்கிட் மேராவில் மக்கள் கேட்ட கேள்வி மருத்துவமனைக்கும் பொருந்தும். புற்றுநோய்க்குக் கதிர் கொடுப்பதை, பேச்சுவழக்கில் 'கரண்டு வைப்பது' என்பார்கள். பல நோய்களுக்கு ஒரு நாளைக்கு 2 கிரே அளவில், வாரத்துக்கு 5 நாள், ஆறேழு வாரம் வரை அது தொடரும். அளவு குறைந்தால் நோய் திரும்பும். கூடினால் நல்ல சதை வெந்து போகும். 5 விழுக்காடு பிசகினாலே பலன் மாறக்கூடும் என்பது மருத்துவ இயற்பியலார் ஏற்றுக்கொண்ட எல்லை. ஆனால் கதிர் விழும்போது சுடாது, நிறம் தெரியாது, மணமும் இல்லை. கூடியதா குறைந்ததா என்று படுக்கையில் கிடக்கும் நோயாளிக்குத் தெரிய வழியே இல்லை.

தோலே அளவுகோலாக இருந்த காலம்

ரோண்ட்கன் 1895 நவம்பரில் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே மருத்துவர்கள் அதைக் கட்டிகளின் மேல் செலுத்திப் பார்த்தார்கள். அப்போது அளக்கக் கருவி கிடையாது. தோல் சிவக்கும் வரை கொடுப்பதே கணக்கு. அதற்குச் 'சிவப்பு அளவு' என்று பொருள்படும் பெயரும் இருந்தது. ஒருவர் தோல் போல இன்னொருவர் தோல் இருப்பதில்லை. 1928இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில்தான் ரோண்ட்கன் என்ற பொது அலகை நாடுகள் ஏற்றன.

1951இல் கனடாவில் கோபால்ட்-60 இயந்திரம் சிகிச்சைக்கு வந்தது. அந்நாட்டின் உதவியோடு 1950களின் பிற்பாதியில் சென்னை அடையாறு புற்றுநோய்க் கழகத்தையும் அது வந்தடைந்தது. கோபால்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. அதன் வீரியம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறையும்; ஐந்தேகால் ஆண்டில் பாதியாகிவிடும். அதற்கேற்பச் சிகிச்சை நேரத்தை நீட்டிக்கொண்டே போக வேண்டும். இந்தக் கணக்கில்தான் விபத்துகள் புகுந்தன.

கணக்கு பிசகிய இடங்கள்

அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் 1974 முதல் 1976 வரை, கோபால்ட்டின் தேய்மானத்தைக் காட்டும் வரைகோடு தவறாக இழுக்கப்பட்டது. கருவியை வைத்து நேரில் அளக்காமல் 22 மாதங்கள் அந்தக் காகிதத்தையே நம்பினார்கள். 426 நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர் வாங்கினார்கள். இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் 1988இல் புதிய கோபால்ட்டை அளந்ததில் பிழை ஏற்பட்டு, 207 பேருக்கு 25 விழுக்காடு கூடுதலாகச் சென்றது. நாடு முழுவதும் மருத்துவமனைகளின் அளவுகளை ஒப்பிட வந்த வெளிக் குழுதான் அதைக் கண்டுபிடித்தது.

கோஸ்டா ரிக்காவில் 1996இல் நடந்தது இன்னும் எளிய பிழை. 0.3 நிமிடம் என்றால் 18 வினாடி. அதை 30 வினாடி என்று கொண்டு கணக்குப் போட்டார்கள். இயந்திரம் உள்ளதைவிட மெலிந்ததாகத் தோன்றியது. சிகிச்சை நேரத்தைக் கூட்டினார்கள். 115 நோயாளிகள் பாதிக்கப்பட்டார்கள்.

குறைவும் கொடுமைதான். இங்கிலாந்தின் ஸ்டோக் நகர மருத்துவமனையில், தூரத்துக்கான திருத்தம் ஒரு முறைக்குப் பதில் இரு முறை செய்யப்பட்டது. 1982 முதல் 1991 வரை 1,045 நோயாளிகள் குறைந்த அளவே பெற்றார்கள். யாருக்கும் தோல் வேகவில்லை. அதனால் யாருக்கும் சந்தேகமும் எழவில்லை.

அங்கெல்லாம் இருந்தவர்கள் படித்தவர்கள், அக்கறை உள்ளவர்கள். தன் கணக்கைத் தானே பத்து முறை பார்த்தாலும், முதல் முறை கண்ணில் படாத பிழை பத்தாவது முறையும் படாமல் போகலாம்.

தபாலில் போகும் குளிகை

இதற்கு விடையாக, அனைத்துலக அணுசக்தி நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் 1969இல் ஓர் எளிய ஏற்பாட்டைத் தொடங்கின. லித்தியம் ஃப்ளோரைடு தூள் அடைத்த சிறு குளிகைகள் மருத்துவமனைக்குத் தபாலில் வரும். நோயாளிக்குக் கொடுப்பது போலவே குளிகைக்கு 2 கிரே கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆய்வகத்தில் குளிகையைச் சூடேற்றினால் ஒளிரும். அந்த ஒளியை அளந்தால் எவ்வளவு கதிர் வாங்கியது என்று தெரிந்துவிடும். வித்தியாசம் 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் சரி. மீறினால் மீண்டும் குளிகை வரும்; தேவைப்பட்டால் நிபுணரும் வருவார். தொடக்கக் காலத்தில் ஏறத்தாழப் பாதி மருத்துவமனைகளே இந்த எல்லைக்குள் வந்தன. பின்னாளில் 95 விழுக்காட்டுக்கு மேல் தேறின. 2017 முதல் தூளுக்குப் பதில் ஒளிரும் கண்ணாடி பயன்படுகிறது.

மலேசியாவில் பாங்கியில் உள்ள அணுசக்தி ஆய்வு நிலையத்தின் ஆய்வகம், மருத்துவமனைகளின் அளவு கருவிகளை அனைத்துலகத் தரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்கிறது. மருத்துவமனைக்குள்ளும், அன்றைய முதல் நோயாளி வருவதற்கு முன்பே கதிரின் அளவைச் சோதிப்பது முறை.

நிறுவைத் தட்டின் பாடம்

பேராக் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. வாளி நிறையப் பால் கொண்டுவந்தாலும், கிராணி நிறுத்து எழுதும் எண்தான் கூலி. தராசு அவர் பக்கம், பேனாவும் அவர் பக்கம். அந்த எண்ணைச் சரிபார்க்க இன்னொருவர் வேண்டும் என்ற நியாயம் எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கும் விளங்கியது. தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீட்டு மனைக்கும் மாறிவிட்டன. அந்த நியாயம் மாறவில்லை.

புக்கிட் மேராவின் நினைவால் கதிர் என்றாலே அஞ்சி, சிகிச்சையைத் தள்ளிப்போடுவது உயிருக்கே ஆபத்து. கட்டுப்பாடின்றிக் கிடந்த கழிவு வேறு. அளந்து, மீண்டும் அளந்து கொடுக்கும் மருந்து வேறு. இரண்டையும் பிரிப்பது அந்த அளவுதான். ஆகவே சிகிச்சைக்குச் செல்லும் குடும்பத்தார் தயங்காமல் இரண்டு கேள்வி கேட்கலாம்: இந்த இயந்திரத்தின் கதிர் அளவு கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது? வெளியார் யார் சரிபார்த்தார்கள்? ஒழுங்காக நடக்கும் மருத்துவமனைக்கு இது அவமதிப்பு ஆகாது. பதில் அங்கே பதிவேட்டில் எழுதியே இருக்கும்.