படத்துக்குள்ள ஒரு தேதி: டைட்டானிக் முதல் காவலூர் வரை

இந்த எபிசோட் ஒரு விளையாட்டில் இருந்து வந்தது. பிப்ரவரி 29-ஐயும் சேர்த்தால் 366 தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும், அந்தத் தேதி கதைக்குள்ளேயே வர்ற ஒரு சினிமாவைப் பொருத்தணும். ஜனவரி 30-க்கு 'ஹே ராம்'. அக்டோபர் 21-க்கு 'பேக் டு தி ஃப்யூச்சர்' இரண்டாம் பாகம். ஏப்ரல் 15-க்கு 'டைட்டானிக்'. ஆபீஸ் நண்பர்களோட சேர்ந்து ஒரு எக்ஸெல் ஷீட் போட்டு ஆரம்பிச்சோம்.

கொஞ்ச நாளிலேயே சண்டை வந்தது. படத்தில் காட்டுற தேதியை எப்படி நம்புறது? 'பேக் டு தி ஃப்யூச்சர்' ஹீரோ போய் இறங்குகிற நாள் 2015 அக்டோபர் 21. ஆனால் 2010-லயும் 2012-லயும், "அந்த நாள் இன்னிக்குத்தான்" என்று, காரில் இருக்கிற தேதிப் பலகையை மாற்றி எடிட் பண்ண படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. நிறைய பேர் நம்பி ஷேர் பண்ணாங்க.

அதனால ஒரு விதி வெச்சோம்: எழுதியிருக்கிற தேதி மட்டும் போதாது. அதே ஃப்ரேமில் இருக்கிற வேறு ஏதாவது ஒன்று சாட்சி சொல்லணும்.

நம்ம ஊர் டெய்லி காலண்டரையே எடுத்துக்கோங்க. ஒரே தாளில் ஆங்கிலத் தேதி, கிழமை, தமிழ் மாதம், திதி எல்லாம் இருக்கும். ஆர்ட் டைரக்டர் தேதியை மட்டும் மாற்றி அச்சடித்தால் கிழமை இடிக்கும். கிழமையையும் சரி பண்ணிவிட்டால் அமாவாசை காட்டிக்கொடுக்கும். நாலும் ஒத்துப்போனால்தான் அந்தத் தாள் உண்மை.

காலண்டர் இல்லாத படத்திலும் சாட்சி கிடைக்கும். டைட்டானிக் கப்பல் மூழ்கியது 1912 ஏப்ரல் 15 அதிகாலையில். 1997-ல் வந்த படத்தில், கதாநாயகி பலகையில் படுத்தபடி வானத்தைப் பார்ப்பாங்க. அது அந்த ராத்திரியின் வானமே இல்லை என்று வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் சொன்னார். வானத்தின் ஒரு பாதியைக் கண்ணாடியில் காட்டிய மாதிரி மறு பாதியில் ஒட்டியிருந்தார்கள். 2012-ல் படம் மறுபடி வெளியானபோது ஜேம்ஸ் கேமரூன் அந்த நட்சத்திரங்களை மாற்றினார். அதாவது, வானமும் ஒரு டெய்லி காலண்டர்தான்.

வானத்தையே காலண்டராகப் படிக்கிற ஒரு இடம் நம்ம பக்கத்திலேயே இருக்கு. வாணியம்பாடியில் இருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு இங்கே வேலை தொடங்கியது. இதைக் கட்டி எழுப்பியவர் வைணு பாப்பு. அவர் 1982-ல் இறந்தார். 1986 ஜனவரி 6 அன்று 2.34 மீட்டர் தொலைநோக்கியோடு இந்த இடத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது.

தமிழில் 'படம்' என்றால் சினிமாவும்தான், போட்டோவும்தான். இனி நாம பேசப்போறது போட்டோவைப் பற்றி.

காவலூரில் 'கல்கி' என்ற பெயரில் சிறுகோள்களையும் வால்மீன்களையும் தேடும் திட்டம் ஒன்று நடந்தது. கருவி 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கி. வானத்தின் ஒரே பகுதியைக் கொஞ்சம் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படம் எடுப்பாங்க. நட்சத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். சிறுகோள் நகர்ந்திருக்கும். 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார். இன்று அதன் பெயர் 4130 ராமானுஜன். கணித மேதை ராமானுஜனின் நூற்றாண்டு முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

இங்கே தேதி ஏன் அவ்வளவு முக்கியம்? செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் ஒரு சிறுகோள், பூமிக்கு நேரெதிரே இருக்கும்போது வானத்தில் ஒரு நாளைக்குச் சுமார் கால் டிகிரி நகரும். அது முழுநிலாவின் அகலத்தில் பாதி. பல இரவுகளின் படங்களில் இடத்தையும் நேரத்தையும் சேர்த்து வைத்துத்தான் சுற்றுப்பாதையைக் கணக்கிட முடியும். ஒரு படத்தில் தேதி ஒரு நாள் தப்பாகிவிட்டால் கணக்கே கோணலாகிவிடும். அடுத்த வருஷம் தேடும்போது அது அங்கே இருக்காது. தேதி இல்லாத படத்தில் அது வெறும் புள்ளி.

சரி, நம்ம விதியை இதிலும் போட்டுப் பார்ப்போம். 1988 பிப்ரவரி 17, புதன்கிழமை, மாசி மாதம், அமாவாசை. சாட்சி வேணுமா? அதே வருஷம் மார்ச் 18-ல் முழு சூரிய கிரகணம். அதுவும் அமாவாசையில்தான் வரும். அங்கிருந்து இருபத்தொன்பதரை நாள் பின்னால் போனால் சரியாகப் பிப்ரவரி 17. சிறுகோள் தேடுறவங்களுக்கு நிலா இல்லாத இருட்டுதானே வேணும்!

இன்னொரு சுவாரசியம். புதுச் சிறுகோளுக்கு முதலில் தரும் தற்காலிகப் பெயரிலேயே தேதி இருக்கும். வருஷம், அப்புறம் அரை மாதத்துக்கு ஒரு எழுத்து. ஜனவரி முதல் பாதி ஏ, இரண்டாம் பாதி பி, பிப்ரவரி முதல் பாதி சி, இரண்டாம் பாதி டி. ராமானுஜன் '1988 டி' வரிசை. வால்மீன்களுக்கும் இப்போ இதே முறைதான். பாப்பு ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, 1949 ஜூலை 2-ல் எடுத்த ஒரு போட்டோ தட்டில் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். அதன் இன்றைய குறியீடு 'சி/1949 என்1'. 'என்' என்றால் ஜூலை முதல் பாதி. பெயரே காலண்டர்.

காவலூரை நடத்துகிற இந்திய வான் இயற்பியல் நிறுவனத்திடம் கொடைக்கானலும் இருக்கு. அங்கே 1904-ல் இருந்து எடுத்த சூரியனின் படங்களை இப்போ டிஜிட்டல் ஆக்கியிருக்காங்க. அவற்றில் சிலவற்றில் தேதியோ நேரமோ தப்பாகப் பதிவாகியிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்கள். இங்கேயும் சாட்சி படத்துக்குள்ளேயே இருக்கு: சூரியப் புள்ளிகள். நாம பார்க்கும்போது சூரியன் ஏறக்குறைய 27 நாளில் ஒரு சுற்று சுற்றும். அதனால் புள்ளிகள் தினமும் 13 டிகிரி போல நகரும். வேறு நாட்டு ஆய்வகத்தில் அதே நாள் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கடைசியா எங்க வீட்டுக் கதை. எங்க ஆயாவுக்கு இருக்கிறது ஒரே ஒரு போட்டோ. மடியில் எங்க அப்பா, கைக்குழந்தை. எப்ப எடுத்தது என்று சொல்ல இப்ப யாரும் உயிரோட இல்லை. போன மாசம் அதை ஸ்கேன் பண்ணிப் பெரிதாக்கினேன். பின்னாடி சுவரில் டெய்லி காலண்டர்: ஜனவரி 14, வெள்ளி. வருஷம் தெரியவில்லை. ஜனவரி 14 வெள்ளியில் வருவது 1966, 1972, 1977. அப்பா பிறந்தது 1970. 1966-ல் அவர் இல்லை, 1977-ல் மடியில் உட்காருகிற வயசு இல்லை. ஆக, 1972.

போட்டோ பின்னாடி பென்சிலால் அதை எழுதினேன். எப்படிக் கண்டுபிடித்தேன் என்றும் ஒரு வரி சேர்த்து எழுதினேன், நாளைக்கு யாராவது சரிபார்க்கணுமே.

நீங்களும் வீட்டில் இருக்கிற பழைய படங்களை எடுத்துப் பாருங்க. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பும்போது அதோட தேதித் தகவல் கழன்றுவிடும். அதுக்கு முன்னாடி பெரியவங்களைக் கேட்டு எழுதி வெச்சிடுங்க.