எரிசக்திச் சேமிப்பு ஒப்பந்தம்

ஒரு பழைய கட்டடத்தின் விளக்கு, குளிர்சாதனம், கொதிகலன் ஆகியவற்றைச் சீரமைக்க ஆகும் செலவை, அதனால் மிச்சமாகும் மின்சார, எரிபொருள் கட்டணத்தைக் கொண்டே அடைக்கும் ஏற்பாடு எரிசக்திச் சேமிப்பு ஒப்பந்தம் எனப்படும். வேலையை எடுத்துச் செய்வது எரிசக்திச் சேவை நிறுவனம், சுருக்கமாக ‘எஸ்கோ’. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் வேர்பிடித்த முறை இது.

பகிர்வு முறையில் எஸ்கோவே முதல் போட்டு, மிச்சத்தில் பேசிய பங்கைச் சில ஆண்டுகளுக்கு எடுத்துக்கொள்ளும். உத்தரவாத முறையில் கடன் உரிமையாளருடையது. இவ்வளவு மிச்சமாகும் என்று எஸ்கோ உறுதி தரும். அதற்குக் குறைந்தால், குறையும் தொகையை அதுவே ஈடுகட்ட வேண்டும்.

இரண்டிலும் சிக்கலான இடம் அளவீடு. மீட்டர் செலவைக் காட்டும், மிச்சத்தைக் காட்டாது. ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் கட்டிவந்த ஓர் அலுவலகம், சீரமைப்புக்குப் பின் 8 லட்சம் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே 2 லட்சம் மிச்சம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு மாடி காலியாகியிருக்கலாம். அந்த ஆண்டு வெயில் குறைந்திருக்கலாம். யூனிட் விலையே மாறியிருக்கலாம். அதனால் வேலைக்கு முந்தைய ஆண்டொன்றை அடிப்படையாக வைத்து, வானிலையையும் ஆள்நடமாட்டத்தையும் கணக்கில் சேர்த்து, யூனிட் அளவில் ஒப்பிடுகிறார்கள். இதற்கான பன்னாட்டு நெறிமுறை 1990களில் வந்தது. அடிப்படை ஆண்டைத் தெளிவாக எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது பின்னால் வழக்கைத் தேடிக்கொள்வதுதான்.

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடச் சீரமைப்பு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. 2009இல் அறிவிக்கப்பட்ட அத்திட்டத்தில் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் நிறுவனம் சேமிப்புக்கு உத்தரவாதம் தந்தது. 6,514 ஜன்னல்களையும் புதிதாக வாங்கவில்லை. கட்டடத்தின் 5ஆம் மாடியிலேயே பட்டறை போட்டு, பழைய இரட்டைக் கண்ணாடிகளைக் கழற்றி, இரண்டுக்கும் நடுவே மெல்லிய படலம் வைத்து, வாயு நிரப்பி, மீண்டும் பொருத்தினார்கள். வெப்பமூட்டிகளுக்குப் பின்னால் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் தகடுகளைச் செருகினார்கள். உள்ளே வரும் வெப்பம் குறைந்ததால், பெரிய குளிரூட்டும் இயந்திரம் வாங்கும் திட்டத்தைக் கைவிட்டு, இருந்ததையே பழுதுபார்த்தார்கள். எரிசக்திப் பயன்பாட்டில் எதிர்பார்த்த குறைப்பு 38 விழுக்காடு. முதலில் தேவையைக் குறை, பிறகு இயந்திரத்தைப் பார் என்ற இந்த வரிசை மாறியிருந்தால் கணக்கே வேறாகியிருக்கும்.

சிறிய கட்டடங்களில் மிச்சமும் சிறிது என்பதால் எஸ்கோக்கள் எட்டிப் பார்ப்பதில்லை. 1996இல் பெர்லின் நகரம் இதற்கு வழி கண்டது. பள்ளிகள், அலுவலகங்கள் என்று பல பொதுக் கட்டடங்களை ஒரே தொகுப்பாக்கி, அவற்றின் சீரமைப்புக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது.

வாடகைக் கட்டடத்தில் தடை வேறு: செலவழிப்பவர் உரிமையாளர், பலன் பெறுபவர் குடியிருப்பவர். கடனை ஆளின் பெயரில் வைக்காமல் வீட்டின் மின்கட்டணத்தோடு சேர்த்துவிட்டால், யார் குடியிருந்தாலும் தவணை நடக்கும். பிரிட்டன் 2013இல் ‘கிரீன் டீல்’ என்ற பெயரில் இதைச் செய்து பார்த்தது. தவணை மிச்சத்தைத் தாண்டக் கூடாது என்பது அதன் நல்ல விதி. ஆனால் வட்டி அதிகம், நடைமுறையும் சிக்கல். சுமார் 14,000 வீடுகளே கடன் பெற்ற நிலையில், 2015இல் அரசு நிதியை நிறுத்தியது.

இந்தியாவில் இவ்வேலைக்கென 2009இல் நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து ஈஈஎஸ்எல் நிறுவனத்தை அமைத்தன. 2017இல் அது கட்டடங்களுக்கெனத் தனித் திட்டம் தொடங்கியது. அதற்கு முன்பே, 2014இல், புதுச்சேரி வீடுகளுக்கு எல்இடி பல்பை 10 ரூபாய்க்குத் தந்தது. மின்துறைக்கு மின்கொள்முதலில் மிச்சமாவதிலிருந்து மீதி விலையைத் தவணையாக வசூலிப்பது ஏற்பாடு. அப்போது ஈஈஎஸ்எல் ஒரு பல்பை வாங்கிய விலை 310 ரூபாய். மொத்தக் கொள்முதல் பெருகியதில், 2016இல் அது 38 ரூபாய்க்கு இறங்கியிருந்தது.